கிணற்றில் டீசல் வாடை: யார் நிரூபிக்க வேண்டும்?

கிணற்றடியில் முதலில் தெரிவது வாடைதான். குடத்தை இறக்கி வைத்ததும் லேசாக டீசல் நெடி அடிக்கும். இரண்டு நாள் கழித்து வாளித் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். உலை வைத்தால் சோற்றில் அந்த மணம் ஏறும். ஊராட்சி அலுவலகத்தில் போய்ச் சொன்னால், "பைப்பு பழசா இருக்கும்மா, ரெண்டு நாள் தண்ணியத் திறந்து விடுங்க, சரியாயிரும்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். பக்கத்தில் பூமிக்கு அடியில் டேங்க் வைத்திருப்பவரைக் கேட்டால், "எங்க டேங்க்தான் ஒழுகுதுன்னு எப்படிச் சொல்றீங்க? நிரூபிங்க" என்பார்.

அந்த ஒரு சொல்லோடு பல புகார்கள் முடிந்துவிடுகின்றன. தினக்கூலிக்குப் போகும் ஒரு குடும்பம், மண்ணுக்கு அடியில் 20 அடி ஆழத்தில் நடப்பதை எப்படி நிரூபிக்கும்? நிரூபிக்க வேண்டியது உண்மையில் யார்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744, ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் கடந்துதான் போகிறது. அந்தச் சாலையில் பெட்ரோல் பங்க்குகள் உண்டு. மில்களில் மின்சாரம் போனால் ஓட்ட ஜெனரேட்டரும் அதற்கான டீசல் டேங்கும் உண்டு. லாரி பட்டறையும் மெக்கானிக் ஷாப்பும் உண்டு. இவை இல்லாமல் தொழில் நடக்காது, யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. இந்தப் பகுதியில் இன்ன இடத்தில் கசிவு இருக்கிறது என்று குற்றம் சாட்டுவதும் இங்கே நோக்கமல்ல. ஆனால் மண்ணுக்கு அடியில் எண்ணெய் இருக்கும் எந்த ஊரிலும் இது நடக்கலாம். நடந்தால் முதலில் அடி வாங்குவது, ஒரே ஒரு பொது போரை நம்பியிருக்கும் தெருதான். அந்தத் தெரு பல ஊர்களில் காலனித் தெருவாகவே இருக்கிறது.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது?

பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட எடை குறைந்தவை. டேங்கிலோ குழாய் இணைப்பிலோ துரு பிடித்து ஓட்டை விழுந்தால், எண்ணெய் மண்ணில் கீழ்நோக்கி இறங்கும். நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன் மேல் மிதந்தபடி பரவும். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது எண்ணெயும் மேலே ஏறும். கோடையில் இறங்கும்போது அதுவும் இறங்கி, வழியில் உள்ள மண்ணில் ஒட்டிக்கொள்ளும். "போன மாசம் வாடை வந்துச்சு, அப்புறம் நின்னுருச்சு, மழை பெஞ்சதும் மறுபடி வருது" என்று மக்கள் சொன்னால் அதைக் கற்பனை என்று தள்ளிவிடக் கூடாது. எண்ணெய்க் கசிவு அப்படித்தான் நடந்துகொள்ளும்.

மிதக்கும் எண்ணெயை விடப் பெரிய ஆபத்து, அதிலிருந்து தண்ணீரில் கரையும் பொருட்கள். அவற்றில் முக்கியமானது பென்சீன். புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட வேதிப்பொருள் இது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்கு.

இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி, எடையில் ஏறத்தாழ 8.8 கிராம். அது முழுவதும் தண்ணீரில் கலந்துவிட்டால், 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். நடைமுறையில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி மண்ணில் தங்கும், நுண்ணுயிர்கள் கொஞ்சம் தின்னும். ஆனாலும் ஒரு லிட்டருக்கு இவ்வளவு வலு என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கணக்கு. ஒரு டேங்கிலிருந்து நாளுக்கு 10 லிட்டர் மட்டும் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான லிட்டர் புழங்கும் இடத்தில் அது கண்ணில் படாது. ஆவியானது, அளவுக் குச்சியில் பார்த்ததில் பிசகு என்று போய்விடும். ஆண்டுக்கு அது 3,650 லிட்டர்.

நம் பகுதியில் மேற்கே மலை, கிழக்கே சரிவு. வைப்பாற்று வடிநிலத்தின் ஓடைகள் அப்படித்தான் ஓடுகின்றன. நிலத்தடி நீரும் பொதுவாக அந்தச் சரிவை ஒட்டியே நகரும். ஆனால் கீழே இருப்பது பாறை. பாறையில் தண்ணீர் வெடிப்புகள் வழியாகத்தான் போகும். அதனால் 50 அடியில் உள்ள கிணறு சுத்தமாக இருக்க, 300 அடி தள்ளியுள்ள போரில் எண்ணெய் வரலாம். "பக்கத்துக் கிணத்துல இல்லையே, ஒங்களுக்கு மட்டும் எப்படி வரும்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

சுன்னாகம் மக்கள் பட்டதும் வென்றதும்

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர் சுன்னாகம். யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீர்தான் கிணறுகளில் ஊறி, வீட்டுக்கும் தோட்டத்துக்கும் உதவுகிறது. அந்த ஊரில் எண்ணெயில் ஓடும் அனல் மின் நிலையம் இருந்தது. ஒரே வளாகத்தில் வெவ்வேறு காலங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மின்சாரம் எடுத்தன.

சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கத் தொடங்கியது. 2014-ல் புகார்கள் பெருகின. நீர் வழங்கல் வாரியம் சோதித்த கிணறுகள் பலவற்றில் எண்ணெயும் மசகும் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தன. மக்களுக்கு லாரியில் தண்ணீர் கொடுக்க வேண்டி வந்தது. 2015 தொடக்கத்தில் மக்களும் மாணவர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். ஒரு குழு ஆபத்து இல்லை என்றது. இன்னோர் அறிக்கை இருக்கிறது என்றது. எண்ணெய் எங்கள் காலத்தில் கசிந்ததல்ல என்று நிறுவனம் கையை விரித்தது. அனுமதி கொடுத்த அலுவலகங்களோ தங்கள் கடமையைச் செய்ததாகச் சொல்லின. பொதுநல நோக்கில் சுற்றுச்சூழல் ஆர்வலர் ஒருவர் 2015-ல் இலங்கை உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். தீர்ப்பு 2019 ஏப்ரல் 4-ம் தேதி வந்தது. மின் நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உறுதி செய்தது. கண்காணிக்கத் தவறிய அரசு அமைப்புகள் மக்களின் அடிப்படை உரிமையை மீறிவிட்டன என்றும் சொன்னது.

சுன்னாகத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1966 அக்டோபர் 21 அன்று தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது இந்தச் சுன்னாகத்திலிருந்துதான். போலீஸ் தடியடியையும் தாண்டி அது நடந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மற்றவர் கிணற்றில் தண்ணீர் அள்ள முடியாது. யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்க வேண்டும். கோயிலுக்கும் தேநீர்க் கடைக்கும் நடந்த போராட்டங்களைப் போலவே கிணற்றுக்கும் அங்கே போராட்டம் நடந்தது. அரை நூற்றாண்டு கழித்து, அதே ஊரின் கிணற்றுத் தண்ணீருக்காக மறுபடியும் மக்கள் தெருவுக்கு வர வேண்டியிருந்தது.

நம் மாநிலத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போர்களில் எண்ணெய் கலந்த தண்ணீர் வந்தது. துறைமுகத்திலிருந்து வரும் பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் அங்கே மண்ணையும் நீரையும் சோதித்தார்கள். குழாயை அடைத்ததோடு வேலை முடியவில்லை. மண்ணுக்குள் போன எண்ணெயை எடுக்க நீண்ட காலம் தேவைப்பட்டது.

அமெரிக்காவில் நிலத்தடி எண்ணெய் டேங்க்குகளுக்காகவே 1984-ல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு 5 லட்சத்துக்கும் அதிகமான கசிவுகள் அங்கே உறுதி செய்யப்பட்டுள்ளன. பண வசதியும் கண்காணிப்பும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை என்றால், நம் ஊரில் ஒருவர் "எங்க டேங்க் ஒழுகவே ஒழுகாது" என்று அடித்துச் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது.

கசிவுக்குச் சாதி தெரியாது, விளைவுக்குத் தெரியும்

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அது வேண்டுமென்றே செய்த கொடுமை. டேங்க் கசிவில் அப்படி இல்லை, யாரும் திட்டமிட்டு ஊற்றுவதில்லை. எண்ணெய் சாதி பார்த்து ஓடுவதும் இல்லை. ஆனால் அதன் விளைவை யார் சுமப்பது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது.

சொந்தத் தோட்டம் உள்ளவர் கிணறு கெட்டால் இன்னொரு மூலையில் போர் போடுவார். நிலமில்லாத குடும்பத்துக்கு அந்த வழி கிடையாது. மூன்று சென்ட் மனையில் வீட்டைக் கட்டியவர் எங்கே போய்த் துளை போடுவார்? தெருவுக்கென்று இருந்த ஒரு போர் கெட்டால் அடுத்த தெருக் குழாய்க்குத்தான் போக வேண்டும். அங்கே போய்க் குடத்தை வைக்கும்போதுதான் பழைய முகங்களும் பழைய பேச்சும் திரும்ப வரும். "ஒங்க தெருவுல தண்ணி இல்லையா?" என்ற கேள்வியில் உள்ள எடை, கேட்டவர்களுக்குத் தெரியாது. வாங்கியவர்களுக்குத் தெரியும்.

இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டு வந்த தீர்மானம், பொதுச் சாலையையும் பொதுக் கிணற்றையும் எல்லோருக்கும் உரியவை என்று அறிவிக்க வைத்தது. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, கிணறு, குளம், படித்துறை எதிலும் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது. இவ்வளவு போராடி வந்த பிறகு, தண்ணீருக்காக இன்னொரு தெருவில் போய் நிற்க வேண்டாம் என்ற சின்ன மரியாதையைக் கொடுத்தது அந்தத் தெரு போர்தான். அது கெடுவது தண்ணீர்ப் பிரச்சினை மட்டுமல்ல, மானப் பிரச்சினையும்கூட.

புகார் கொடுப்பதிலும் சிக்கல் உண்டு. எந்த மில்லின் டேங்க் மீது சந்தேகமோ அந்த மில்லிலேயே தெருவில் பாதிப் பேர் வேலை பார்க்கலாம். பெயர் போட்டு மனு கொடுத்தால் நாளை வேலை போகுமோ என்ற பயம் வரும். அதனால்தான் தனி ஆள் மனுவை விடத் தெரு மனுவும், கிராம சபைத் தீர்மானமும் பாதுகாப்பானவை.

நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு?

இனி சட்டத்துக்கு வருவோம். இதில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே இந்தியாவுக்கு வழிகாட்டியாக இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நீரும் நிலமும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடும் தர வேண்டும், கெட்ட சூழலைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. அதோடு, தன் தொழிலால் சூழலுக்குக் கேடு இல்லை என்று காட்டும் பொறுப்பு அந்தத் தொழிலை நடத்துபவருடையது என்றும் சொன்னது. "நிரூபிங்க" என்று நம்மைப் பார்த்துச் சொல்பவரிடம், "சட்டப்படி நிரூபிக்க வேண்டியது நீங்கதான் ஐயா" என்று சொல்ல நமக்கு இந்தத் தீர்ப்பு இடம் கொடுக்கிறது.

மாசில்லாத தண்ணீர், உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சுபாஷ்குமார் வழக்கில் கூறியுள்ளது. 2010-ம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்கும் கோட்பாட்டின்படிதான் நடக்க வேண்டும் என்கிறது. அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. ஆனால் காலக்கெடு உண்டு. பொதுவாகப் பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள்ளும், இழப்பீடு கேட்பதாக இருந்தால் 5 ஆண்டுக்குள்ளும் போக வேண்டும். அதனால்தான் வாடை வந்த முதல் தேதியை எழுதி வைப்பது அவசியம்.

2025 ஜூலையில் மத்திய அரசு, மாசடைந்த இடங்களைக் கையாளத் தனி விதிகளை வெளியிட்டது. இதன்படி மாவட்ட நிர்வாகம், மாசடைந்திருக்கலாம் என்று சந்தேகிக்கும் இடங்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். அது வந்த 90 நாளுக்குள் முதல் கட்ட ஆய்வு நடக்க வேண்டும். நம் தெருக் கிணறு அந்தப் பட்டியலில் ஏற வேண்டுமானால் நம் மனு மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்க வேண்டும்.

டேங்க்குகளுக்கு அனுமதி கொடுப்பது யார் என்றும் தெரிந்துகொள்வோம். பட்டாசு ஆலைகளால் நம் மாவட்டத்துக்கு நன்கு பழக்கமான 'பெசோ' என்ற பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புதான் பெட்ரோல் பங்க் உரிமத்தையும் கொடுக்கிறது. அதற்கு முன் ஆட்சியரின் தடையில்லாச் சான்று வேண்டும். புதிதாக வரும் பங்க், வீடு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 ஜனவரி வழிகாட்டுதல். தவிர்க்க முடியாத இடத்தில் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டர்.

ஜெனரேட்டர் டீசலில் ஓர் இடைவெளி இருக்கிறது. 1934-ம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி, ஒரு கலனில் 1,000 லிட்டருக்கு மேல் போகாமல், மொத்தம் 2,500 லிட்டர் வரை டீசல் வைக்க உரிமம் தேவையில்லை. 990 லிட்டர் டேங்க்குகள் சந்தையில் அதிகம் புழங்குவதற்கு இதுதான் காரணம். உரிமம் இல்லையென்றால் ஆய்வும் குறையும். ஆனால் உரிமம் தேவையில்லை என்பதற்குப் பொறுப்பு இல்லை என்று பொருளல்ல. நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் (1974) சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் (1986) எல்லோருக்கும் பொருந்தும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பயன்படுத்தும் நீரை அசுத்தப்படுத்துவது அச்சட்டத்தின் 3(1) பிரிவில் குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. தெரியாமல் நடந்த கசிவுக்கு இது பொருந்துமா என்பது அந்தந்த வழக்கைப் பொறுத்தது. ஆனால் கசிவு என்று தெரிந்த பிறகும், "காலனிக் கிணறுதானே" என்று நிறுத்தாமல் விடுபவரின் நிலை வேறு. அதற்காகவே முதல் நாளே எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலில் நம் பக்கத்தைச் சரிபார்ப்போம். சில நீர்மூழ்கி மோட்டார்களுக்குள்ளேயே எண்ணெய் இருக்கும். மோட்டார் பழுதானால் அது தண்ணீரில் கலக்கும். மெக்கானிக்கை வைத்து அதைப் பார்த்துவிட வேண்டும். இரும்புச் சத்துள்ள தண்ணீரிலும் ஒருவகை பாக்டீரியாவால் எண்ணெய் போலப் படலம் வரும். ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து விலகி நின்றால் அது பாக்டீரியா. குழைந்து மறுபடி ஒன்று சேர்ந்தால் எண்ணெய். இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் போனால் நம் புகாரை எவரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

எண்ணெய்தான் என்று தோன்றினால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பென்சீன் ஆவியாகி வீட்டுக்குள்ளேயே பரவும், அதை நாம் சுவாசிப்போம். வீட்டில் உள்ள மெழுகுவத்தி ஃபில்டர் இதற்கு உதவாது. கிணற்று அருகே பீடி, தீப்பெட்டி, விளக்கு கூடாது, எண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளும். தூர் எடுக்கிறேன் என்று யாரும் உள்ளே இறங்கவே கூடாது. மூச்சுத் திணறி உயிர் போகும். அந்த வேலைக்கும் நம் ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள். மறுத்துவிடுங்கள்.

அடுத்தது சோதனை. ஊராட்சியில் உள்ள கைச்சோதனைப் பெட்டி உப்பு, கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட் போன்றவற்றைத்தான் பார்க்கும். எண்ணெயைக் காட்டாது. "டெஸ்ட் பண்ணியாச்சு, தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றால், எதை டெஸ்ட் பண்ணினீர்கள் என்று கேட்க வேண்டும். மனுவில் தெளிவாக எழுதுங்கள்: மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகியவற்றுக்குச் சோதனை வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கனிம எண்ணெய்க்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று உச்ச வரம்பே உண்டு.

மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்கக் கூடாது. கண்ணாடிப் பாட்டிலில், காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வழக்குக்கு உதவ வேண்டுமானால், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலரே இரு தரப்பு முன்னிலையில் எடுப்பது நல்லது. அதனால் மனு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும், திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியருக்கும் போக வேண்டும். நகல் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ கொடுத்து, ரசீது வாங்க வேண்டும்.

மனுவில் நான்கு கோரிக்கைகள் போதும். ஒன்று, இன்றே மாற்றுக் குடிநீர், அதுவும் நம் தெருவுக்கே வர வேண்டும். இரண்டு, சுற்றியுள்ள எல்லா டேங்க்குகளுக்கும் குழாய்களுக்கும் அழுத்தச் சோதனை. மூன்று, தினசரி இருப்புப் பதிவேட்டை ஆய்வு செய்வது. எவ்வளவு வந்தது, எவ்வளவு விற்றது, எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு பொருந்தாவிட்டால் கசிவு அங்கேயே தெரிந்துவிடும். நான்கு, கசிவு உறுதியானால் சுத்தம் செய்யும் செலவும் இழப்பீடும். பொதுத்துறை எண்ணெய் நிறுவனம், ஆட்சியர் அலுவலகம், வாரியம் எல்லாமே 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருபவை. தடையில்லாச் சான்றின் நிபந்தனைகளையும் ஆய்வு அறிக்கைகளையும் அதன் வழியே கேட்டு வாங்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை

இதில் கல்லூரி மாணவர்களும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எந்தக் கிணறு, வாடை உண்டா, படலம் உண்டா, மழை பெய்ததா என்று தினமும் ஒரு வரி எழுதுங்கள். ஊர் வரைபடம் ஒன்று போட்டு, கிணறு, போர், டேங்க், பட்டறை, பழைய மூடிய பங்க் இருந்த இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். மூடிய பங்க்கின் டேங்க் இன்னும் மண்ணுக்குள்ளேயே இருக்கலாம்.

தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை மூன்று கிணறுகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் மூன்று கிணற்று விளிம்புகளின் உயர வித்தியாசத்தை எடுங்கள். பிறகு கயிற்றில் கல்லைக் கட்டி, ஒரே நாளில் மூன்றிலும் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து கழித்துப் பாருங்கள். நீர்மட்டம் உயரமாக உள்ள கிணற்றிலிருந்து தாழ்வான கிணற்றை நோக்கித்தான் தண்ணீர் நகரும். பாறைப் பூமியில் இது முழு உண்மையைச் சொல்லாது. ஆனால் ஆய்வுக்கு வரும் அலுவலரிடம், எங்கே தோண்டிப் பார்க்க வேண்டும் என்று காட்ட இது போதும். அளவெடுக்கும்போது கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து மூச்சை இழுக்க வேண்டாம்.

1927 மார்ச் 20-ல் அண்ணல் அம்பேத்கர் மகாட் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார். அது எங்கள் குளம், தீண்டத்தகாதார் தொடாத வழக்கம் உண்டு என்று எதிர்த்தரப்பு நீதிமன்றம் போனது. வழக்கு பத்து ஆண்டுகள் நடந்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, அப்படி ஒரு தொன்மையான வழக்கம் இருந்ததை எதிர்த்தரப்பால் நிரூபிக்க முடியவில்லை என்றது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு, தண்ணீரைத் தடுத்தவர்கள் மேல்தான் விழுந்தது. தண்ணீரைக் கெடுத்தவர்களுக்கும் அதே நியாயம்தான்.

மகாட் நாளுக்கு இரண்டு நாள் கழித்து, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். தமிழ்நாட்டில் அன்று கிராம சபை கூடும். அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது நம் தெருக் கிணற்றின் நோட்டையும் கையில் எடுத்துப் போவோம். வாடை வந்தாலும் வராவிட்டாலும், ஊரில் உள்ள எல்லா டேங்க்குகளின் பட்டியலும் அவை கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதியும் ஊராட்சிப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடுவோம். கிணறு கெட்ட பிறகு நாம் அலைவதைவிட, கெடுவதற்கு முன் அவர்கள் கணக்குக் காட்டுவது எல்லோருக்கும் நல்லது.